பதினாறுல நில்லு மச்சான்!

துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு மான் தேடிப் போகிற காலமெல்லாம் நம் ஊரில் மலையேறிவிட்டது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-ல் அதைத் திருத்தியபோது, லைசென்ஸ் வாங்கிச் சுடுகிற கொஞ்சநஞ்ச வழியும் அடைபட்டது. நல்ல காரியம். ஆனால் அதோடு வேட்டையே ஒழிந்துவிட்டது என்று யாராவது சொன்னால், விடியற்காலை மூன்று மணிக்கு அவரைச் சென்னைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குக் கூட்டிப் போவேன். ஐஸ் உடைக்கிற சத்தம், டீசல் நெடி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குத் தாவுகிற ஆட்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தேடிக் காற்றையும் நீரோட்டத்தையும் கணக்குப் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள். கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் டீசல் காசும் போச்சு. இதற்கு வேட்டை என்று பெயர் இல்லையென்றால் வேறு என்ன பெயர்?

அந்த வேட்டைக்காரர்கள் கையில் இருக்கிற ஒரு கருவியின் மேல் எனக்குப் பைத்தியம். வாக்கி டாக்கி. கடல்காரர்கள் பாஷையில் ‘செட்டு’. வீட்டில் இதைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே மனைவி டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறாள். அதனால் இங்கே கொட்டித் தீர்த்துக்கொள்கிறேன்.

நான் புளியந்தோப்பில் மோட்டார் காயில் கட்டுகிற ஆள். செம்புக் கம்பிதான் பிழைப்பு. மனைவியின் அண்ணனுக்குக் காசிமேட்டில் ஒரு ஃபைபர் படகு இருக்கிறது. பேசின் பிரிட்ஜ் ஏறி இறங்கி, மூலக்கொத்தளம் தாண்டி, ராயபுரம் வழியாகப் போனால் ஆட்டோக்காரரிடம் ஊர்க்கதை பேசி முடிப்பதற்குள் துறைமுக கேட் வந்துவிடும். லீவு நாளில் மச்சானோடு கடலுக்குப் போய்வருவது வழக்கம். எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது. வலை இழுக்கிற நேரத்தில் குறுக்கே நிற்காமல் இருக்கத் தெரியும், அதைக் கற்றுக்கொள்ளவே நாளாயிற்று.

கரையை விட்டுப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் செல்போன் கோபுரச் சின்னம் ஒவ்வொரு கோடாகக் கழன்று விழும். அதற்கப்புறம் அது வெறும் டார்ச் லைட். மச்சானுக்குப் பக்கத்தில் போகிற படகுகளோடு கையசைப்பும் கூச்சலும்தான் தொடர்பாக இருந்தது. காற்று எதிர்த்திசையில் அடித்தால் கூச்சல் நம் காதுக்கே திரும்பி வரும். நல்ல செட் ஒன்று வாங்க வேண்டும் என்று அவர் ஆரம்பித்தார். தேர்ந்தெடுக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று ஒப்புக்குத்தான் சொல்கிறேன், நான்தான் தலையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடைகளில் பளபளவென்று அட்டைப் பெட்டியில் வருகிற செட்டுகளின் மேல் ‘50 கிலோமீட்டர் ரேஞ்ச்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் படிக்கவே படிக்காதீர்கள். கடலில் தூரத்தைத் தீர்மானிப்பது வாட் அல்ல, உயரம். இந்த செட்டுகள் பேசுகிற விஎச்எஃப் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிற சாதி. பூமி உருண்டை. உங்கள் ஆன்டெனா எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம்தான் அது எட்டிப் பார்க்கும். கணக்கு சுலபம்: ஆன்டெனா தண்ணீர் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டரோ, அதன் வர்க்கமூலத்தை 4.1-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும். ஃபைபர் படகில் நின்றுகொண்டு கையில் பிடித்தால் இரண்டு மீட்டர் உயரம் என்று வையுங்கள், 5.8 கிலோமீட்டர். எதிர்ப் படகிலும் அதே மாதிரி ஒருவர் நின்றால் அவருடைய 5.8-ஐயும் கூட்டிக்கொள்ளலாம், பதினொன்றரைக்கு மேல் வருகிறது. அதுவும் ஏட்டுக் கணக்கு. அலை தூக்கிப் போடுகிற நாளில் அதில் பாதி கிடைத்தாலே பெரிய விஷயம். அதுவே எதிரே இருப்பது ஒன்பது மீட்டர் கம்பத்தில் ஆன்டெனா கட்டிய விசைப்படகு என்றால், அதன் பங்கு மட்டும் 12.3 கிலோமீட்டர். நம்முடையதையும் சேர்த்தால் 18. வாட்டைக் கூட்டினால் குரல் தெளியும், கரகரப்பு குறையும். அடிவானத்துக்குப் பின்னால் அது குதிக்காது.

இது புரிந்த அன்று நான் சொக்கிப் போனேன். ஐந்து வாட்டா, எட்டு வாட்டா என்று கடை கடையாகக் கேட்டுக்கொண்டிருந்தவன், படகில் எதை எங்கே கட்டலாம் என்று அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தேன்.

இரண்டாவது விஷயம், எந்த அலைவரிசை. செக்யூரிட்டிகளும் கல்யாண மண்டபத்துக்காரர்களும் வைத்திருக்கிற செட்டுகள் பெரும்பாலும் வேறு சாதி. கடலுக்கென்று உலகம் பூராவும் ஒத்துக்கொண்ட இடம் 156-லிருந்து 162 மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கிற விஎச்எஃப். அதைச் சேனல் சேனலாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். அதில் ராஜா 16-ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ். ஆபத்துக்கும் கூப்பிடுவதற்கும் அதுதான். சிங்கப்பூரிலிருந்து வருகிற கன்டெய்னர் கப்பலும், கடலோரக் காவல்படையின் ரோந்துக் கப்பலும், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு நிலக்கரி கொண்டுவருகிற கப்பலும், பன்னிரண்டடி அகல வலை வைத்திருக்கிற நம்ம ஆளும் அங்கே ஒரே வரிசை. பெரியவன் சின்னவன் கிடையாது. பதினாறில் கூப்பிடு, ஆள் கிடைத்ததும் வேறு சேனலுக்குப் போய்ப் பேசு, பேசி முடித்தால் மறுபடி பதினாறில் வந்து நில். இவ்வளவுதான் நாகரிகம். இந்த ஏற்பாட்டை யோசித்தவர்களுக்குக் கோயில் கட்டலாம்.

செல்போன் ஒருவரிடம் பேசும். செட்டு கடலிடமே பேசும். நான் இதன் மேல் பைத்தியமாக இருப்பதற்கு மூலகாரணம் இதுதான். போனில் ‘யாரைக் கூப்பிடுவது’ என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும், நம்பர் இருக்க வேண்டும், அவர் எடுக்க வேண்டும். செட்டில் அந்தக் கவலையே இல்லை. பொத்தானை அழுத்திப் பேசினால் காது கொடுத்திருக்கிற எல்லாருக்கும் விழும். யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் வருவார்.

சரி, செட்டுக்கு வருவோம். தேடித் திரிந்து கடைசியில் மனசுக்குப் பிடித்து நின்றது ஐகாம் கம்பெனியின் எம்37. ஆறு வாட் கைச்செட். நம் பிழைப்புக்குத் தேவையானது எல்லாம் இருக்கிறது, தேவையில்லாத ஜிகினா ஒன்றும் இல்லை. பொத்தான்கள் தடியாக இருக்கின்றன. மீன் செதில் ஒட்டிய விரலோடு, ஈரக்கையோடு, இருட்டில் தடவினாலும் எது பேசுகிற பொத்தான், எது பதினாறு என்று தெரிகிறது. இது அல்ப விஷயம் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை வலை இழுத்துவிட்டு வந்து பேசட்டும்.

இதன் அழகே தண்ணீரில்தான். விழுந்தால் மிதக்கும், மிதக்கும்போது தானாக விளக்கு மினுக்கும். இதைப் பெட்டியில் படித்தபோது நம்பவில்லை. எங்கள் தெருவில் மெட்ரோ வாட்டர் பிடிக்கிற நீல டிரம் வீட்டுக்கு வீடு வாசலில் நிற்கும். கரன்ட் போன ஒரு ராத்திரி, நிறைந்திருந்த டிரம்முக்குள் செட்டைப் போட்டேன். முங்கி, உருண்டு, குபுக்கென்று மேலே வந்து மல்லாந்து, பளிச் பளிச்சென்று அடிக்க ஆரம்பித்ததே பார்க்கணும்! டிரம் சுவரெல்லாம் வெளிச்சம் ஓடியது. தெருப் பிள்ளைகள் மொத்தமும் சுற்றி நின்றுவிட்டன. “இன்னொரு தபா போடு அண்ணா” என்று கெஞ்சிக் கெஞ்சி, தண்ணீர் வீணாகிறது என்று எதிர்வீட்டு ஆயா திட்டும்வரை போட்டேன். வெளியே எடுத்துக் குலுக்கினால் ஸ்பீக்கர் துளைக்குள் தண்ணீர் நிற்கும், பேச்சு கொளகொளவென்று வரும் என்றுதான் எதிர்பார்த்தேன். அதற்கும் ஒரு வித்தை வைத்திருக்கிறான் பாவி: ஒரு வசதியைத் தட்டிவிட்டால் ஸ்பீக்கரே உறுமி, அதிர்ந்து, உள்ளே நிற்கிற தண்ணீரைத் துப்பிவிடுகிறது. பிள்ளைகள் கைதட்டின. நானும்தான்.

வாங்கும்போது ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று வாயால் சொல்வதை நம்பாமல் ஐபிஎக்ஸ்7 என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே தண்ணீர் போகாது என்று அதற்கு அர்த்தம். ஐபிஎக்ஸ்8 என்றால் அதையும் தாண்டித் தாங்கும். ஆனால் தண்ணீர் புகாத செட் எல்லாம் மிதக்காது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். நாற்பது பாகம் ஆழத்தில், சேற்றில், உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் புகாமல் பத்திரமாகக் கிடக்கிற செட்டால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

அடுத்தது குரல். படகு இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தால் காதில் வேறு எதுவும் ஏறாது. கடைக்குள் ஏசி அறையில் நின்று கேட்டுப் பார்த்து வாங்கினால் எல்லா செட்டும் இனிமையாகத்தான் ஒலிக்கும். கடை வாசலுக்கு வந்து, லாரி போகிறபோது கேட்டுப் பாருங்கள். காசிமேடு, ராயபுரம் பக்கத்தில் கன்டெய்னர் லாரிக்கா பஞ்சம்? எம்37 அந்தச் சோதனையில் ஜெயித்தது. மச்சான் செட்டை இன்ஜின் மேலேயே கட்டித் தொங்கவிட்டு, “மாப்ள, இது பேசல, கொரைக்குது” என்றார். அவர் வாயிலிருந்து வருகிற உச்சபட்சப் பாராட்டு அது.

பேட்டரி விஷயத்தில் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டுக்கொண்டே இருப்பதற்குச் செலவு கொஞ்சம், பேசுவதற்குத்தான் செலவு அதிகம். அதனால்தான் இந்த செட்டுகளில் ஒரு வாட்டுக்கு இறக்கிக்கொள்கிற வசதி வைத்திருக்கிறார்கள். அரை கிலோமீட்டரில் இருக்கிற படகோடு “தூக்குவாளியில இன்னா கொழம்பு” என்று விசாரிக்க ஆறு வாட் எதற்கு? இறக்கிப் பேசினால் ஒரு நாள் கடலுக்குச் சார்ஜ் தாராளம். விசைப்படகுக்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அவர்கள் 25 வாட் செட்டைப் படகின் 12 வோல்ட் பேட்டரியில் நேராகப் பூட்டிவிடுகிறார்கள். வாரக்கணக்கில் தங்கி ஆந்திரா பக்கம் வரை போகிறவர்களுக்கு அதுதான் லாயக்கு. கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்கிற சின்ன இன்ஜின் வைத்த ஃபைபர் படகில் பேட்டரியே கிடையாதே, கைச்செட்தான் கதி.

உயரம், உயரம் என்று சொன்னேன் அல்லவா? அதில்தான் நம்ம கைவண்ணம். 156.8 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 1.91 மீட்டர். அதில் பாதி, சுமார் 96 சென்டிமீட்டர், ஒரு நல்ல ஆன்டெனாவின் அளவு. செட்டோடு வருகிற ரப்பர் ஆன்டெனா கைக்கு வசதியாக இருக்கட்டும் என்று சுருக்கிச் செய்தது. என் கடையில் கிடந்த தடித்த செம்புக் கம்பியில் கைக்கு 46 சென்டிமீட்டர் வீதம் இரண்டு வெட்டினேன். கம்பியில் அலை கொஞ்சம் மெதுவாக ஓடும், அதற்காகத்தான் அந்தச் சின்னக் குறைப்பு. ஒரு முக்கால் இஞ்ச் பிவிசி பைப்புக்குள் ஒன்று மேலே ஒன்று கீழே என்று நிறுத்தி, நடுவில் கோஆக்ஸ் கேபிளைப் பற்றவைத்தேன்.  ஆன்டெனாவிலிருந்து அலை எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுகிற எஸ்டபிள்யூஆர் மீட்டர் தெரிந்தவர் ஒருவரிடம் இருந்தது. வைத்துப் பார்த்து, முனையில் துளித்துளியாக நறுக்கி முள்ளைக் கீழே இறக்கினோம். அப்புறம்தான் பைப்பின் இரண்டு முனையையும் எம்-சீல் போட்டு அடைத்தேன். ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் உள்ளே போனாலும் செம்பு பச்சை பூத்துவிடும். படகில் கொடி கட்டுகிற மூங்கில் ஏற்கெனவே நிற்கிறது. அதன் உச்சியில் நாலு மீட்டர் உயரத்தில் கட்டியாயிற்று. 5.8 கிலோமீட்டராக இருந்த நம் பங்கு 8.2 ஆனது. செலவு? ஒரு கிலோ சங்கரா வாங்குகிற காசுகூட ஆகவில்லை.

முதல் தடவை அந்த மூங்கில் ஆன்டெனாவோடு போன அன்று கேட்டதை நான் யாரிடமும் சொல்லாமல் இருந்ததில்லை. அதுவரை கரகரவென்று துண்டு துண்டாக வந்துகொண்டிருந்த குரல்கள், பக்கத்துப் படகில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி தெளிந்தன. ஒரு பக்கம் தெலுங்கு. ஒரு பக்கம் ரஷ்யன் மாதிரி ஏதோ ஓர் ஆங்கிலம். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்கிற கப்பல் எதுவோ பைலட் எப்போது வருவார் என்று கேட்டது. வெளியிலிருந்து பார்த்தால் கடல் காலியாகத்தான் இருக்கிறது. செட்டைத் திறந்தால் பாரிமுனை.

கோடைக்காலச் சாயங்காலங்களில் இதைவிடப் பெரிய வேடிக்கை உண்டு. கடல் மேல் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் அடுக்கு அடுக்காகப் படிந்துவிட்டால், நேர்கோட்டில் போய்க்கொண்டிருந்த அலை அந்த அடுக்குக்குள் மாட்டி, வளைந்து வளைந்து எங்கேயோ போய்விடும். என் வர்க்கமூலக் கணக்கெல்லாம் அன்றைக்குச் செல்லாது. நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற ஆட்களின் பேச்சு காதோரம் வரும். மச்சானுக்கு இதில் துளி ஆர்வம் கிடையாது. “அவன் வலையில மீன் இருக்குதாம், எனக்கு இன்னா?” என்பார்.

மீனைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. அமெரிக்காவில் காட்டு வேட்டைக்குப் போகிறவர்கள் ஆளுக்கொரு வாக்கி டாக்கி வைத்திருப்பது சகஜம். ஆனால் ‘மான் இந்தப் பக்கம் ஓடுது’ என்று ரேடியோவில் துப்புச் சொல்லிச் சுடுவது அங்கே சில மாநிலங்களில் குற்றம். மிருகத்துக்குத் தப்பிக்க ஒரு வழி இருக்கணும் என்பது அவர்கள் நியாயம். நம் கடலில் அப்படி ஒரு தடை இல்லை, துப்புச் சொல்லத்தான் செட்டே. ஆனால் சங்கடம் என்னவென்றால், நான் மேலே புகழ்ந்த அதே குணம்தான். எல்லாருக்கும் கேட்கும். ‘இங்க கடம்பா குமிஞ்சு கெடக்கு’ என்று ஒருவன் வாய்தவறிச் சொல்லிவிட்டால் அரை மணியில் கடலில் டிராஃபிக் ஜாம் ஆகிவிடும்.

அதனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பரிபாஷை. மச்சான் கூட்டத்தின் உண்மையான வார்த்தைகளைச் சொன்னால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது, ஜோடித்துச் சொல்கிறேன். “பெரியம்மா ஊர்லேர்ந்து வந்துட்டாங்களா?” என்று ஒருவர் கேட்பார். “வந்துட்டாங்க, புள்ளைங்க எல்லாம் வந்துக்குது” என்று பதில் வந்தால் வஞ்சிரம் கூட்டமாக இருக்கிறது என்று பொருள். “ஒடம்பு செரியில்ல, படுத்துட்டாங்க” என்றால் திரும்பிப் போ. இடத்தையும் எண்ணையும் சொல்லவே மாட்டார்கள், போன வாரம் எங்கே என்ன நடந்தது என்பதை வைத்தே சொல்லிவிடுவார்கள். “சட்டை கிழிஞ்ச எடத்துக்கு மேக்கால.” யாருடைய சட்டை, எந்தப் பாறையில் வலை மாட்டி இழுத்தபோது கிழிந்தது என்பது அந்த நாலு படகுக்கு மட்டும்தான் தெரியும். இதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஹைதராபாத்திலிருந்து இன்காய்ஸ் நிறுவனம் மீன் கூடும் இடம் என்று செயற்கைக்கோள் படம் பார்த்துத் தினமும் அறிவிக்கிறது. அது எல்லாருக்கும் பொது. இந்தப் பெரியம்மா விவகாரம் சொந்தக்காரர்களுக்கு மட்டும்.

ஆனால் இந்த ரகசியமெல்லாம் மீனுக்குத்தான். ஆபத்து என்றால் ஒருவரும் குறியீட்டில் பேசுவதில்லை.

ஒரு ராத்திரி எண்ணூருக்கு நேரே வலை விரித்துக் காத்திருந்தோம். தூரத்தில் ஒரு கப்பல். சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் சேர்ந்தே தெரிந்தன. இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் அது நம்மை நோக்கி நேராக வருகிறது என்று அர்த்தம். வலைக்கு மேலே ஏறிவிட்டால் லட்ச ரூபாய்ச் சரக்கு நூல் நூலாகப் போகும், வலையோடு நாமும் போகலாம். மச்சான் மகன் பாலிடெக்னிக் படிக்கிற பையன், செட்டை வாங்கிப் பதினாறில் பேசினான். “ஷிப் கோயிங் டு எண்ணூர், ஷிப் கோயிங் டு எண்ணூர், திஸ் இஸ் ஃபிஷிங் போட், மை நெட் இன் ஃப்ரன்ட் ஆஃப் யூ.” மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. மறுபடி கூப்பிட்டான். கரகரவென்று ஒரு குரல், பிலிப்பைன்ஸ்காரர் மாதிரி ராகம் போட்டு, “ஃபிஷிங் போட், ஐ சீ யூ, ஆல்டரிங் டு ஸ்டார்போர்டு” என்றது. கொஞ்ச நேரத்தில் பச்சை விளக்கு மறைந்து சிவப்பு மட்டும் நின்றது. கப்பல் ஒதுங்கிவிட்டது. அத்தனை பெரிய இரும்பு மலை, ஒரு பையன் பேச்சுக்கு வழிவிட்டுப் போனதைப் பார்த்து நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மச்சான் வாயே திறக்கவில்லை. அப்புறம் பையன் தலையைத் தடவிவிட்டு, “பதினாறுலயே நில்லு” என்றார். அன்றிலிருந்து படகில் அது சட்டம்.

இதற்கும் ஒரு முறை இருக்கிறது, படகில் ஏறுகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. உயிருக்கு ஆபத்து என்றால் பதினாறில், முழு வாட்டில், ‘மேடே’ என்று மூன்று தடவை. படகின் பெயர் மூன்று தடவை. இருக்கிற இடம். என்ன ஆபத்து. எத்தனை பேர். பொத்தானை விட்டுவிட்டுக் கேள். பலர் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே பதிலுக்குக் காத்திருப்பார்கள், பதில் வராது. பேசுவதும் கேட்பதும் ஒரே வழியில்தான், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். கரையில் இருப்பவர்கள் கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணில் கூப்பிடலாம். அது போன் எண், செட்டில் சுழற்றித் தேடாதீர்கள்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலில் புகுந்தபோது, ஆழ்கடலில் இருந்தவர்களுக்குக் கரையிலிருந்து சேதி போய்ச் சேரவில்லை. விஎச்எஃப்புக்கு அடிவானம்தான் எல்லை என்பதன் கொடுமையான பக்கம் அது. என்னதான் தலைமேல் வைத்துக் கொண்டாடினாலும் இதை மறைக்க மாட்டேன். அதற்கப்புறம்தான் செயற்கைக்கோள் சமாச்சாரங்கள் வேகம் பிடித்தன. 2019-ல் ஜெமினி என்று ஒரு கருவி வந்தது, எச்சரிக்கையைக் கொடுக்கும், திருப்பிப் பேச முடியாது. இஸ்ரோ தொழில்நுட்பத்தில் இப்போது விசைப்படகுகளில் டிரான்ஸ்பாண்டர் பொருத்துகிறார்கள், அதில் இரண்டு பக்கமும் எழுத்துச் சேதி போகும், அடிவானம் தடையில்லை. அருமையான ஏற்பாடு, கட்டாயம் வேண்டும். ஆனாலும் அடுத்த படகுக்காரன் வந்து தூக்குகிற நேரத்தில் வேலைக்கு ஆவது குரல்தான்.

லைசென்ஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடல் விஎச்எஃப் செட்டுக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவில் உரிமம் வேண்டும், சரல் சஞ்சார் என்ற இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். செட்டுக்கு ஈடிஏ என்கிற கருவி ஒப்புதல் சான்று இருக்கிறதா என்று கடைக்காரரை முதல் கேள்வியாகக் கேளுங்கள், முழித்தால் அடுத்த கடை. ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கிற, எந்த அலைவரிசைக்கும் திருப்பிக்கொள்ளலாம் என்கிற செட்டுகள் வம்பு. 2025-ல் இதற்கென்றே நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதிமுறை போட்டு, விற்கிறவர்களைப் பிடித்திருக்கிறது. வெளிநாட்டு சாட்டிலைட் போனைத் தப்பித்தவறிக்கூடப் படகில் ஏற்றாதீர்கள், ஜெயில் நிச்சயம்.

லைசென்ஸே வேண்டாத ஒரு சாதி இருக்கிறது: 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த வாட். கடலுக்கு ஆகாது. எங்கள் புளியந்தோப்புக்கு ஆகும். மழை நாலு நாள் சேர்ந்து பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பும், பட்டாளம் நிரம்பும், எங்கள் தெருவும் நிரம்பும். 2015 டிசம்பரில் கரன்ட் போய், போன் போய், அடுத்த தெருவில் இருக்கிற அக்கா வீடு முழுகியதா இல்லையா என்று தெரியாமல் கிடந்தோம். இப்போது இரண்டு சின்ன செட் வாங்கி ஒன்றை அக்கா வீட்டு மொட்டை மாடியில் வைத்திருக்கிறேன். மாடிக்கு மாடி தெளிவாகக் கேட்கிறது. 2004 சுனாமியின்போது ஹாம் ரேடியோ நிகழ்ச்சிக்காகப் போர்ட் பிளேயருக்குப் போயிருந்த பாரதி பிரசாத், எல்லாத் தொடர்பும் அறுந்த அந்தமானிலிருந்து உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தாரே, அந்த அம்மாவை நினைத்துக்கொண்டுதான் வாங்கினேன்.

பராமரிப்பில் எனக்கு ஒரே ஒரு கண்டிப்பு: கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் செட்டைக் கழுவணும். உப்பு காய்ந்தால் சார்ஜ் ஏறுகிற பித்தளை முனைகளைத் தின்றுவிடும். மச்சான் குளிக்கிறாரோ இல்லையோ, செட்டு குளித்துவிடுகிறது.

அடுத்த ஆசை என்ன என்று கேட்டால், டிஎஸ்சி. அந்த வசதி உள்ள செட்டில் மூடி போட்ட ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். மூடியைத் திறந்து அமுக்கிப் பிடித்தால் 70-ஆம் சேனல் வழியாகப் படகின் அடையாள எண்ணும் ஜிபிஎஸ் இடமும் தானாகவே சுற்றிலும் போய்ச் சேரும், பேச வாய் வராத நிலையிலும். அந்த ஒன்பது இலக்க எண் நம் நாட்டுப் படகுகளுக்கு 419 என்று தொடங்கும். அது கைக்கு வரும்வரை ஆன்டெனா வேலை இருக்கிறது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வருகிறது. விசைப்படகெல்லாம் கரையேறி மராமத்துக்கு நிற்கும். கம்பம் ஏறிக் கேபிள் மாற்ற அதுதான் சமயம். மச்சானின் கூட்டாளிகளில் நாலு பேர் என் மூங்கில் ஆன்டெனா தங்களுக்கும் வேண்டும் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்கள். செய்து தருகிறேன் என்றிருக்கிறேன். கூலியை வஞ்சிரமாகக் கொடுத்தால் சரி. நெத்திலிக்கெல்லாம் நான் கம்பி வெட்டுவதாக இல்லை.